குழிச் சுவரில் பாரமான பொருள் நிற்காவிட்டால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இலங்கையின் மலையகத்தில் சுவர் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது. பழைய லயக் காம்பராவின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையின்) சுவர் கருங்கல்லும் மண்சாந்தும் கொண்டு எழுந்தது. ஏழு பேர்ச் காணியில் கட்டப்பட்ட புதிய வீடுகள் பலவற்றின் சுவர் சீமெந்துக் கல். ஹட்டன், பண்டாரவளை போன்ற நகரங்களில் கடையின் பின்பகுதியைப் பிரித்தெடுத்த அறைகளில் இருப்பது ஜிப்சம் பலகை அல்லது பிளைவூட். துரைமார் காலத்துப் பங்களாக்கள் சிலவற்றில் உட்சுவர் முழுவதும் மரப்பலகை. இவை எல்லாவற்றுக்கும் ஒரே ரோல் பிளக்கையும் (திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் குழாயையும்) ஒரே திருகாணியையும் வாங்கி அடித்துவிட்டு, தொலைக்காட்சியோ கீசரோ சாமிப்படத் தட்டோ ஆடத் தொடங்கியதும், துளையை அகலமாக்கி இன்னும் பெரிய பிளக்கைச் செருகுவதே பலரும் செய்யும் பரிகாரமாக இருக்கிறது. என் பார்வையில், நல்ல சுவர்களைப் பாழாக்குவது முதல் தவறைவிட இந்தப் பரிகாரம்தான்.

மாட்டிய பொருள் கழன்று வருகிறதென்றால் அங்கே நான்கில் ஒன்று தோற்றிருக்கிறது: பிளக்கின் பிடி, துளையின் வடிவம், சுவரின் மேல்தோல், அல்லது பாரம் சுவரை இழுக்கும் விதம். எது தோற்றது என்பதை அறிகுறியே காட்டிக்கொடுக்கும். அதைப் பாராமல் பிளக்கை மட்டும் மாற்றினால் அதே பிழை பெரிய துளையோடு திரும்பி வரும்.

எல்லாவற்றுக்கும் முன்: சுவரின் மூன்று அளவுகள்

விரல் மூட்டால் சுவரைத் தட்டிப் பார்ப்பது உதவும். ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. கருங்கல் லயச் சுவரில் பூச்சு கல்லிலிருந்து விலகி நின்றாலும் அதே வெற்றொலிதான் கேட்கும். ஆகவே, பிரக்கட் பின்னர் மறைக்கப்போகும் ஓர் இடத்தில், டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டு, 4 அல்லது 5 மில்லிமீற்றர் பிட்டினால் மெதுவாக ஒரு சோதனைத் துளையை இடுங்கள். துளையிலிருந்து கொட்டும் தூளைக் கையில் ஏந்திப் பாருங்கள். சாம்பல் நிறமாகக் கரகரப்பாக வந்தால் சீமெந்துக் கல், சிவப்பாக வந்தால் செங்கல், மாவைப் போல வெண்மையாக வந்தால் ஜிப்சம், சுருளாக வந்தால் மரம். முதலில் சாம்பல் தூள் வந்து, பிறகு பழுப்பு மண் வந்தால், சீமெந்துப் பூச்சைக் கடந்து கல்லிடுக்கின் மண்சாந்துக்குள் பிட் போய்விட்டது என்று பொருள். ஏறத்தாழ ஓர் அங்குலம் சென்றதும் எதிர்ப்பு திடீரென்று இல்லாமற்போய் டிரில் முன்னுக்குப் பாய்ந்தால் அது குழிச் சுவர்: முன்னே மெல்லிய தோல், உள்ளே வெற்றிடம்.

இப்போது கட்டுக்கம்பியில் ஒரு சாண் வெட்டி, அதன் நுனியை மிகச் சிறிய கொக்கியாக வளைத்துத் துளைக்குள் விடுங்கள். குழிக்குள் போனதும் கம்பியைச் சற்றுத் திருப்பி மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால், கொக்கி தோலின் உட்பக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். சுவரின் முகத்தோடு ஒட்டி நிற்கும் இடத்தில் கம்பியைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பிடித்து, அப்படியே வெளியே எடுத்து அடிமட்டத்தில் வையுங்கள். கொக்கியிலிருந்து நகம் வரையான நீளம் தோலின் கனம். அடுத்து, கொக்கி இல்லாத முனையை உள்ளே விட்டு, பின்பக்கத் தோலில் முட்டும் வரை தள்ளி, அந்த நீளத்திலிருந்து தோலின் கனத்தைக் கழித்தால் குழியின் ஆழம் தெரியும். மூன்றாவதாக, துளையின் உட்சுவரில் வெளிச்சம் பாய்ச்சி, பூச்சு முடிந்து கல் தொடங்கும் இடத்தை, நிறம் மாறுவதைக் கொண்டு அறியலாம். இந்த மூன்று அளவுகளையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு ஹார்ட்வெயார் கடைக்குப் போனால், எந்தப் பிளக் பொருந்தும் என்பதைப் பற்றி ஊகம் செய்ய வேண்டியிருக்காது.

சீமெந்துக் கல் என்றாலே குழிக்கல் என்று எண்ணிவிட வேண்டாம். திண்ணிய கற்களும் தாராளமாகப் புழக்கத்தில் உள்ளன. ஒரே வீட்டின் வெளிச்சுவர் குழிக்கல்லாகவும் உட்சுவர் திண்ணிய கல்லாகவும் இருக்கக்கூடும். குழிக்கல்லிலும் இரண்டு குழிகளுக்கு நடுவே குறுக்குத் தடுப்பு இருக்கிறது. பிட் அதற்குள் போனால் திண்ணிய சுவரென்றே தோன்றும். அதனால், பிரக்கட்டில் எத்தனை துளைகள் உண்டோ அத்தனை இடத்திலும் தனித்தனியாகச் சோதிப்பது நல்லது.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ற்று மின்சாரம். சுவிட்சுக்கும் பிளக் பொயின்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் சுவருக்குள் வயர்க் குழாய் செல்வது வழக்கம். அந்த நேர்க்கோட்டில் துளையிடாதீர்கள். சந்தேகம் இருந்தால், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு பெட்டரி டிரில்லால் துளையிடுங்கள். மற்றது, அஸ்பெஸ்டஸ் தட்டைத் தகட்டால் அடைக்கப்பட்ட தடுப்புச் சுவர். சாம்பல் நிறத்தில், கடினமாகவும் மெல்லியதாகவும் இருக்கும் பழைய தகட்டைக் கண்டால் அதில் சோதனைத் துளைகூட இடக்கூடாது. அதன் தூளில் உள்ள இழை நுரையீரலுக்குள் போனால் புற்றுநோயை உண்டாக்கவல்லது. தகடும் பாரம் தாங்கக்கூடியதல்ல. அப்படிப்பட்ட அறையில் பொருளைத் தரையில் நிற்கும் சட்டத்திலோ வேறு சுவரிலோ அமைத்துக்கொள்வதே வழி.

அறிகுறி: திருகாணியோடு பிளக்கும் சேர்ந்து சுழல்கிறது

சாதாரண ரோல் பிளக் பிடிப்பது உராய்வினால். திருகாணி உள்ளே இறங்க இறங்கப் பிளக் பிளந்து விரிந்து, துளையின் சுவரை நாற்புறமும் நெருக்குகிறது. ஆர்தர் ஃபிஷர் 1958இல் வடிவமைத்த நைலோன் பிளக்கும், அதைப் பார்த்துப் பின்னர் வந்த எண்ணற்ற பிளக்குகளும் இதே முறையில்தான் இயங்குகின்றன. திண்ணிய சுவரில் பிளக்கின் முழு நீளமும் நெருக்கத்தில் பங்குகொள்ளும். குழிச் சுவரிலோ, விரியவேண்டிய நுனிப்பகுதி காற்றில் தொங்குகிறது. தோலுக்குள் இருக்கும் கழுத்துப் பகுதி விரிவதேயில்லை. பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் அது சுழல்கிறது.

முதலில் துளையின் அளவைச் சரிபாருங்கள். 8 மில்லிமீற்றர் பிளக்கை 8 மில்லிமீற்றர் துளைக்குள் விரலால் தள்ளும்போதே வழுக்கிக்கொண்டு போனால், டிரில் ஆடியதால் துளை பெருத்துவிட்டது. துளை சரியாக இருந்தும் பிளக் சுழன்றால் பிளக்கின் வகை தவறு. குழிச் சுவருக்கென்று, உட்புறம் வந்ததும் மடங்கி முடிச்சாகத் திரளும் நைலோன் பிளக்குகள் கிடைக்கின்றன. அவற்றைச் செருகி, திருகாணியை மூன்று நான்கு சுற்று மட்டும் ஏற்றி, அதன் தலையைக் குறட்டால் பிடித்து வெளிப்புறமாக இழுத்தவாறே மேலும் முறுக்குங்கள். இழுவை இருக்கும்போது பிளக்கின் பின்பகுதி தோலின் உட்பக்கத்தில் முட்டி மடங்கத் தொடங்கும். மடங்கியதும் முறுக்குக் கனப்பதைக் கையே உணரும். அதன் பிறகு குறடு தேவையில்லை.

தீக்குச்சியையும் மூங்கில் சீவலையும் துளைக்குள் திணித்து இறுக்குவது நம்மிடையே நெடுநாளாக இருக்கும் வழக்கம். ஒரு நாட்காட்டிக்கு அது போதும். பாரமான பொருளுக்குப் போதாது. பனிக்கும் மழைக்கும் ஊதி, வெயிலுக்குச் சுருங்கும் மரச்சீவல் ஒவ்வொரு பருவத்திலும் சிறிது சிறிதாகத் தளர்ந்துகொண்டே போகும்.

அறிகுறி: பிளக் சுவருக்குள் விழுந்துவிட்டது

இது பெரிய பிழையல்ல. விழுந்த பிளக்கை உள்ளேயே விட்டுவிடுங்கள். அதை எடுப்பதற்காகத் துளையைத் தோண்டுவதுதான் கேடு. தலையில் விளிம்பு உள்ள பிளக்கை அதே துளையில் போட்டால் விளிம்பு சுவரின் முகத்தில் தங்கி நிற்கும். விளிம்பையும் தாண்டித் துளை அகன்றிருந்தால் அடுத்த அறிகுறிக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: முகத்தில் சிறிய துளை, ஆனால் உட்பக்கம் கிண்ணம்போல் உடைந்திருக்கிறது

கம்பிக் கொக்கியைச் சுற்றிலும் திருப்பிப் பார்க்கும்போது ஓரிடத்தில் தோல் கனமாகவும் இன்னோரிடத்தில் மெலிந்தும் தெரிந்தால், பிட் வெளியேறும்போது உட்பக்கத்தில் சில்லுப் பெயர்த்திருக்கிறது. சுத்தியல் இயக்கத்தில் துளையிட்டதன் விளைவு இது. சீமெந்துக் கல்லின் தோல் ஓர் அங்குல அளவே உள்ளது. அதன் பின்னால் தாங்கலாக எதுவும் இல்லை. அடிமேல் அடி விழும்போது கடைசிச் சில மில்லிமீற்றர் துளையாகாமல் பாளமாகத் தெறித்துவிடுகிறது. கூரான கொங்கிரீட் பிட்டை, அடியில்லாமல் சுழற்சியால் மட்டும், கை அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே செலுத்தினால் இது நடக்காது. நேரம் கூடுதலாகும் என்பது உண்மைதான். மேசன் பாஸ்மார் பலர் பொறுமையில்லாமல் சுத்தியல் இயக்கத்துக்கு மாற்றுவதும் அதனால்தான். அவர்களிடம் வேலையை ஒப்படைக்கும்போது இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உடைந்த துளையை விட்டு மூன்று அங்குலமாவது விலகிப் புதிய துளை இடுவதே சிறந்தது. கல்லும் கல்லும் சேரும் சாந்துக் கோட்டிலிருந்தும் விலகியே இருங்கள். அந்தக் கோட்டில் பெரும்பாலும் ஓரங்களில் மட்டுமே சாந்து இருக்கும், நடு வெறுமையாக இருக்கும். பிரக்கட்டின் துளை அமைப்பினால் விலக முடியாவிட்டால், டொகிள் போல்டோ (குழிக்குள் இறக்கை விரித்துப் பிடிக்கும் போல்ட்) வலைக்குழலோடு செலுத்தும் பிசின் நங்கூரமோ போடவேண்டும். வலைக்குழல் என்பது துளைக்குள் செருகும் சல்லடைக் குழாய். அதற்குள் பிசினை நிரப்பித் திருகுக் கம்பியைச் செலுத்தும்போது, பிசின் சல்லடைக் கண்களின் வழியே பிதுங்கி, தோலின் பின்னால் குமிழாக இறுகிவிடும்.

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; தை மாத விடியலில் புல்லில் உறைபனி படியும் ஊர் அது. பிசின் இறுகும் நேரம் குளிரில் நீளும். குழலின் மேல் அச்சிட்டுள்ள அட்டவணையில், கொழும்பின் வெப்பத்துக்கு உரிய நேரத்தைப் பாராமல், உங்கள் சுவரின் வெப்பநிலைக்கு உரிய வரியைப் பாருங்கள். மாலையில் செலுத்திய பிசின் இரவுக் குளிரில்தான் இறுக வேண்டியிருக்கும் என்பதால், காலையிலேயே இந்த வேலையை முடிப்பது நல்லது.

அறிகுறி: மேல்விளிம்பு சுவரிலிருந்து விலகி, பொருள் முன்னுக்குச் சாய்கிறது

எல்லா அறிகுறிகளிலும் இதுவே மிகவும் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது. "பொருள் 15 கிலோதான், பிளக் 30 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, பிறகு ஏன் சாய்கிறது?" என்று கேட்பார்கள். பெட்டியில் அச்சிட்ட எண் பெரும்பாலும் சோதனைக்கூடத்தில், நல்ல சுவரில், பிளக் கழன்றுவரும் எல்லையைக் குறிக்கும். "பாதுகாப்பான பாரம்" என்று தனியாகக் குறிப்பிடாத இடத்தில், அந்த எண்ணின் கால் பங்கை மட்டும் நம்புவதே முறை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது: சுவரை ஒட்டிக் கீழ்நோக்கி இறங்கும் பாரம் வேறு, சுவரிலிருந்து வெளியே இழுக்கும் பாரம் வேறு. குழிச் சுவரின் தோல் முதலாவதை நன்றாகவே தாங்கும். இரண்டாவதில்தான் அது தோற்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். நீட்டி மடக்கும் கையுள்ள தொலைக்காட்சி பிரக்கட் ஒன்றில் 15 கிலோ பெட்டி மாட்டப்பட்டிருக்கிறது. மேல் திருகாணிக்கும் பிரக்கட் தட்டின் கீழ் விளிம்புக்கும் இடையில் 15 சென்டிமீற்றர். கையை மடக்கி வைத்தால் பெட்டியின் பாரமையம் சுவரிலிருந்து 6 சென்டிமீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். அப்போது மேல் திருகாணிகளை வெளியே இழுக்கும் விசை 15ஐ 6ஆல் பெருக்கி 15ஆல் வகுத்த அளவு, அதாவது 6 கிலோவுக்குச் சமம். அதே கையை 45 சென்டிமீற்றருக்கு நீட்டினால் இழுவை 45 கிலோ. பெட்டியின் எடையில் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. மேல் திருகாணியின் மீதான இழுவையோ ஏழரை மடங்காகிவிட்டது. படுக்கையறையிலிருந்து பார்ப்பதற்காகத் திரையை வெளியே இழுக்கும் ஒவ்வொரு தடவையும் மேல் திருகாணிகள் இதைத்தான் அனுபவிக்கின்றன.

கீசர் இன்னொரு வகை. மலையகத்தில் குளியலறைக்கு அது ஆடம்பரப் பொருளல்ல; அதனால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 30 லீற்றர் கீசரில் தண்ணீர் மட்டுமே 30 கிலோ. உருளையும் சேர்ந்தால் மொத்தம் 40 கிலோவைத் தொட்டுவிடும். வெறுமையாக மாட்டும்போது அசையாமல் இருந்தது, தண்ணீர் ஏறியதும் சாயத் தொடங்குவது இதனால்தான். கீழே நிற்பவர் குளித்துக்கொண்டிருப்பவர். மேலே இருப்பது சுடுநீரும் மின்சாரமும். கீசரை ஜிப்சம் பலகையில் மாட்டுவதை நான் எந்த நிபந்தனையின் பேரிலும் ஏற்பதில்லை. சீமெந்துக் குழிக்கல்லிலும் சாதாரணப் பிளக்கை நம்பி மாட்டக் கூடாது.

சாய்வைக் கண்டதும் செய்யவேண்டியது, மின்சாரத்தை நிறுத்தி, நீர்வரத்தை அடைத்து, தண்ணீரை வடித்து, பொருளை இறக்குவது. சாய்ந்த பொருளை அப்படியே வைத்து மேல் திருகாணியை இறுக்க முயன்றால் மிஞ்சியிருக்கும் பிடியும் போய்விடும். இறக்கிய பின் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, குழியையே இல்லாமற்செய்வது. போல்ட் வரும் இடத்தில் கல்லின் முகத்தைக் கைப்பிடியளவு திறந்து, கீழே கொட்டிப்போகாதபடி சாக்குத் துண்டைக் குழிக்குள் திணித்து, உள்பக்கத்தை நனைத்து, சிறுசல்லி சேர்த்த கொங்கிரீட்டை அடர்த்தியாகக் குத்தி நிரப்புங்கள். ஒரு கிழமையாவது அதை ஈரமாக வைத்திருந்து இறுக விடுங்கள். கொங்கிரீட் தன் முழு வலிமையை அடைய 28 நாள் ஆகும் என்பதால், அவசரம் இல்லையென்றால் பொறுத்திருப்பது இன்னும் நல்லது. அதன் பிறகு அது திண்ணிய சுவர். அதில் உலோக விரிவு போல்டையே போடலாம். கீசருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

இரண்டாவது, சுவரை ஊடுருவிச் செல்லும் போல்ட். திருகுக் கம்பியை மறுபக்கம் வரை கொண்டுபோய், அங்கே அகன்ற இரும்புத் தகடும் நட்டும் வைத்து இறுக்கினால், தோலின் வலிமையைப் பற்றிய கவலையே இல்லை. ஆனால் லயத்தில் மறுபக்கம் இருப்பது அடுத்த குடும்பத்தின் காம்பரா. அவர்களிடம் கேட்டு, அவர்கள் பக்கத்தில் என்ன மாட்டியிருக்கிறது, எங்கே வயர் போகிறது என்று பார்த்த பிறகே டிரில்லைத் தொடவேண்டும். சம்மதம் இல்லையென்றால் இந்த வழியை விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, பாரத்தைப் பரப்புவது. ஜிப்சம், பிளைவூட் தடுப்புகளில் பலகைக்குப் பின்னால் மரச்சட்டமோ தகரச் சட்டமோ 40 அல்லது 60 சென்டிமீற்றர் இடைவெளியில் நிற்கும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைத் துணியில் சுற்றிச் சுவரில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டு போனால், பலகையைச் சட்டத்தோடு பிடித்துள்ள ஆணித் தலைகளில் அது ஒட்டும். அந்த ஆணிகள் மேலும் கீழுமாக ஒரே நேர்கோட்டில் கிடைத்தால் அதுவே சட்டம். இரண்டு சட்டங்களை இணைத்துக் குறுக்காக ஒரு கனமான பலகையை முடுக்கி, பொருளை அந்தப் பலகையில் மாட்டுங்கள். பங்களாவின் பலகைச் சுவருக்கும் இதே முறைதான். அங்கே ஆணித் தலைகள் கண்ணுக்கே தெரியும்.

பிரக்கட்டைத் தெரிவுசெய்யும் இடத்திலேயே பாதிப் பிழையைத் தவிர்க்கலாம். தட்டின் உயரம் இரண்டு மடங்கானால் மேல் திருகாணியின் இழுவை பாதியாகும். அலுமாரித் தட்டுக்குக் குட்டையான அழகிய பிரக்கட்டை விடக் கால் நீண்ட சாதாரண முக்கோணப் பிரக்கட் எப்போதும் மேல்.

அறிகுறி: பிளக் கழலும்போது பூச்சும் பாளமாகப் பெயர்ந்து வருகிறது

இங்கே பிளக் தோற்கவில்லை. அது கல்லைத் தொடவே இல்லை. லயச் சுவர்களில் தலைமுறை தலைமுறையாகப் பூச்சின்மேல் பூச்சு ஏறியிருக்கும்; ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட பூச்சைக் காண்பது அரிதல்ல. அதில் 40 மில்லிமீற்றர் பிளக்கைப் போட்டால் பெரும்பகுதி பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும். பூச்சின் கனத்தைப் பிடிப்பாக எண்ணாமல், வெறும் தூரமாக மட்டும் எண்ணவேண்டும். பிரக்கட் 3, பூச்சு 25, பிளக் 40 மில்லிமீற்றர் என்றால் திருகாணி 68க்குக் குறையக்கூடாது. நுனி பிளக்கைத் தாண்டிச் சற்று வெளியே வந்தால்தான் அது முழுதாக விரியும் என்பதால், 75 மில்லிமீற்றர் திருகாணியை எடுங்கள். பிளக்கைப் பூச்சு மட்டத்தில் நிறுத்தாமல், ஓர் ஆணியின் உதவியால் கல்லுக்குள் முழுமையாகத் தட்டி இறக்குங்கள்.

கல்லிடுக்கின் மண்சாந்தில் துளை விழுந்துவிட்டால் எந்தப் பிளக்கும் அதில் பிடிக்காது. இரண்டு அங்குலம் தள்ளினால் கல் கிடைக்கும். கருங்கல்லுக்குச் சுத்தியல் இயக்கம் தேவைப்படும், இதில் மட்டும் அதற்குத் தடையில்லை.

அறிகுறி: டொகிள் போல்ட் இறுகாமல் வெறுமனே சுற்றுகிறது

டொகிளின் இரு இறக்கைகளும் மடிந்த நிலையில் துளைக்குள் போய், குழிக்குள் வில்லின் விசையால் குடையைப் போல விரிகின்றன. குழியின் ஆழம் இறக்கையின் நீளத்தைவிடக் குறைவாக இருந்தால் அவை விரிய இடமில்லை; முன்பு எடுத்த அளவு இங்கே பயன்படும். ஆழம் போதுமானதாக இருந்தும் சுற்றுகிறதென்றால், இறக்கைகள் விரிந்துவிட்டன, ஆனால் சுவரைப் பிடிக்காமல் போல்டோடு சேர்ந்து சுழல்கின்றன. பிரக்கட்டை உங்கள் பக்கமாக இழுத்துப் பிடித்தவாறு முறுக்குங்கள். இறக்கைகள் தோலின் உட்பக்கத்தில் அழுந்தியதும் சுழல்வது நின்றுவிடும். போல்டை ஒருபோதும் முழுவதுமாகக் கழற்றாதீர்கள், இறக்கைகள் குழிக்குள் விழுந்துவிடும். பிரக்கட்டைப் போல்டில் கோர்த்த பிறகே இறக்கையைப் பொருத்த வேண்டும் என்பதும் அதனால்தான். துளை அகலமாக இருக்கும் என்பதால் பிரக்கட்டின் கீழே பெரிய வாசர் ஒன்று அவசியம்.

ஜிப்சம் பலகையில் இறுக்கும்போது பிரக்கட் சுவரோடு படிந்த பின் கால் சுற்றுக்கு மேல் போகவேண்டாம். காகிதத் தோல் உள்ளே நசுங்கிவிட்டால் பலகை அந்த இடத்தில் வலுவிழந்துவிடும். பெட்டரி டிரில்லை விடக் கையால் திருப்பும் ஸ்குரூட்ரைவரே அங்கு நல்லது.

அறிகுறி: வெயில் காலத்தில் உறுதியாக இருந்தது, மழை முடிந்ததும் தளர்ந்துவிட்டது

மேற்குச் சரிவில், வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியா பக்கங்களில், வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை சுவரை உலரவிடாது. பதுளைப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களின் வடகீழ்ப் பருவமழை அதே வேலையைச் செய்யும். ஈரத்தை உறிஞ்சிய ஜிப்சம் பலகை நகத்தால் அழுத்தினாலே குழிவிழும் அளவுக்கு இளகிவிடும். அப்படி இளகிய பலகையில் வேறு பிளக் தேடுவது வீண், அந்தப் பகுதியை வெட்டி மாற்றவேண்டும். சீமெந்துச் சுவரில் உப்புப் பூத்து, திருகாணித் தலையைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை வழிந்திருந்தால் திருகாணியே துருவால் மெலிந்துகொண்டிருக்கிறது. ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். கழுத்து ஒடுங்கியிருந்தால் எல்லாவற்றையும் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளாக மாற்றுங்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கத்தைவிட, வீட்டின் நடுச்சுவரில் பாரமான பொருளை மாட்டுவது எப்போதும் பாதுகாப்பு.

அறிகுறி: பிளக்கைச் சுற்றி விரிசல்

துளையிலிருந்து மயிரிழைபோலக் கிளம்பிப் பூச்சோடு நின்றுவிடும் விரிசல், பிளக் அளவுக்கு மீறி விரிந்ததாலோ சுவரின் விளிம்புக்கு மிக அருகில் துளையிட்டதாலோ வருவது. திருகாணியைத் தளர்த்தி, மூலையிலிருந்தும் யன்னல் விளிம்பிலிருந்தும் விலகி வேறு இடம் பாருங்கள்.

ஆனால் விரிசல் துளையைப் பொருட்படுத்தாமல் சுவரின் குறுக்கே சரிவாகவோ, கல்லின் இணைப்புகளைத் தொடர்ந்து படிக்கட்டுப்போலவோ ஓடி, நாளுக்கு நாள் அகன்றால் அது பிளக்கின் பிழையே அல்ல. கதவும் யன்னலும் திடீரென்று இறுகிப்போவது, தரையிலும் முற்றத்திலும் வெடிப்பு தோன்றுவது, இதுவரை இல்லாத இடத்தில் நீர் ஊறுவது ஆகியவற்றோடு சேர்ந்து வந்தால் நிலம் நகர்கிறது என்று கொள்ளவேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்களை மண் மூடியதை மலையகம் மறக்கவில்லை. இந்த அறிகுறிகளுக்குப் புட்டி பூசி மறைக்காதீர்கள். மழை நாளென்றால் முதலில் குடும்பத்தோடு வெளியேறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் தெரிவியுங்கள். சுவரைப் பார்த்துச் சொல்லவேண்டியவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினர்.

சரிசெய்த பிறகு: பாரச் சோதனை

பொருளை ஏற்றும் முன் பிரக்கட்டைச் சோதியுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் வாளியே போதுமான படிக்கல். பிரக்கட்டின் மேல்விளிம்பையும் பக்கவிளிம்பையும் ஒட்டிச் சுவரில் பென்சிலால் மெல்லிய கோடு இழுத்து, மாட்டப்போகும் பொருளின் எடையைப்போல ஒன்றரை மடங்கு தண்ணீரை, பொருளின் பாரமையம் வரும் அதே தூரத்தில் தொங்கவிட்டு, ஓர் இரவு முழுவதும் விடுங்கள். வாளிக்குக் கீழே யாரும் படுக்கவோ பிள்ளைகள் விளையாடவோ கூடாது. காலையில் பிரக்கட்டுக்கும் சுவருக்கும் இடையே ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் நுழையாமலும் பென்சில் கோடு விலகாமலும் இருந்தால் பொருளை ஏற்றலாம். மேல்பக்கத்தில் தாள் நுழைந்தால் சாய்வைப் பற்றிச் சொன்ன பகுதிக்குத் திரும்புங்கள். பக்கக் கோட்டிலிருந்து விலகாமல், மேல்கோட்டிலிருந்து மட்டும் பிரக்கட் கீழிறங்கியிருந்தால், துளைகளில் ஏதோ ஒன்று பெருத்திருக்கிறது, ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிக் கம்பிக் கொக்கியால் மறுபடியும் அளந்து பாருங்கள்.